விலை இறங்கட்டும்

வாயில் நாலைந்து ஆணிகளைக் கவ்விக்கொண்டேதான் பேசுவார். நாற்காலிச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் பிடித்து, நாக்கால் ஓர் ஆணியை உதட்டுக்குத் தள்ளி, எடுத்து வைத்து, ஒரே அடி. “துணிய இழுக்கறதுலதாங்க எல்லாமே. ஆணி சும்மா சாட்சி.” அதற்குள் அடுத்த ஆணி உதட்டுக்கு வந்திருக்கும்.

சோபா தைப்பவர். தெருமுனையில் ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே குடல் சரிந்த சோபாக்கள். எந்த இருக்கையைப் பிரித்தாலும் இடுக்கில் ஏதாவது கிடைக்கும்: ஒற்றைத் தோடு, பேனா மூடி, ஒருமுறை ஒரு பால் பல். காகிதத்தில் மடித்துச் சோபாவோடு கொடுத்துவிடுவார். “பல்லக் கூடவா?” என்று கேட்டேன். “அவங்க வீட்டுப் பல்லு. நான் வெச்சு என்னத்தக் கடிக்க?”

பேரத்தில் அவரை யாரும் வென்றதில்லை. குரல் உயர்த்த மாட்டார், காத்திருப்பார். துணிக்கடையில் பிடித்த ரோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். ரோல் விற்று, கடைசியில் ஒரு துண்டு மிஞ்சி, அதைத் தள்ளிவிட்டால் போதும் என்று கடைக்காரர் நினைக்கும்போது போய் நிற்பார்.

மனைவிக்கு இதயத்தில் கோளாறு. மாடிப்படியே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட, மூன்றாம் மாடி வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருந்தார். எதையும் கேட்டுப் பழகாதவர் ஒரு நாள் பூனைக்குட்டி கேட்டார். வேலை செய்யப்போன ஒரு வீட்டில் இவர் கைபேசியில் எடுத்துவந்த படத்தில் இருந்ததைப் போல: சாம்பல் நிறம், சப்பை மூக்கு, பெர்ஷியன்.

“தெருவுல சும்மாவே கிடைக்குமே?”

“சும்மா கிடைச்ச ஒண்ணு வீட்டுல இருக்கறது போதும். கையில அடங்கற குட்டியா வேணும். மடியில போட்டுக்குவேன்.”

இவர் போய் விலை கேட்டார். இரண்டு மாத வருமானம். முகம் போன போக்கைப் பார்த்த பூனைக் கடைக்காரர் ஆறுதலாக, “வளர வளர இறங்கும்ணே. பெரிய பூனைய யாரு வாங்கறா?” என்றார். அது போதுமாக இருந்தது இவருக்கு.

வாராவாரம் போய்ப் பார்த்தார். குட்டி கூண்டுக் கம்பி வழியே அவர் விரலைக் கவ்வி விளையாடியது. “என்னண்ணே, தொட்டுப் பாத்துட்டுப் போறதோட சரியா?” என்பார் கடைக்காரர். “இன்னும் இறங்கட்டும்ப்பா.”

“மீசை முளைச்சப்புறம்தான் கொண்டாரப் போறீங்க” என்றாராம் மனைவி. “பூனை பொறக்கும்போதே மீசையோடதாண்டி பொறக்குது.” இருவரும் சிரித்த அந்த மாலையைப் பற்றி என்னிடம் சொன்னபோது மட்டும் அவர் வாயில் ஆணி இல்லை.

விலை பாதிக்கு இறங்கியது. அதற்கு முந்தின வாரம் மனைவி தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பியதும் பூனைக் கடைக்குப் போனார். முதல் நாள் சொன்ன விலையை முழுசாக எடுத்து வைத்தார். “அண்ணே, இப்ப பாதிதாண்ணே” என்று கடைக்காரர் மிச்சத்தைத் திருப்பித் தள்ளினார். “முதல்ல சொன்னத வாங்கிக்கப்பா.” அவர் வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கியது அது ஒன்றுதான்.

இப்போது அது இவருடைய சோபாக் கடையில், பஞ்சு மூட்டையின் மேல் கிடக்கிறது. சப்பை மூக்கில் மூச்சு கொறகொறக்கிறது; கண்களில் ஓயாமல் நீர் வடிகிறது. மிஞ்சிய துணித் துண்டை நனைத்துத் துடைத்துவிடுவார். தூக்கி மடியில் வைத்தால் நழுவி இறங்கிவிடும். “மடி பழகற வயசு கூண்டுலயே போயிருச்சுங்க” என்பார்.

நேற்று நாற்காலி எடுக்க வந்த ஒரு பெண் பூனையைப் பார்த்துச் சொக்கிப்போனார். “ஜாதிப் பூனையா? குட்டி என்ன விலை சார்?”

ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்தார், ஒரு குட்டி அடங்கும் அளவுக்கு. அந்தப் பெண் தொகைக்காகக் காத்து நின்றார். அவர் கைகளைப் பிரிக்கவே இல்லை.