மருந்து கொடுக்காமல் அனுப்பிய நாள்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. கள்ளக்குறிச்சிக்குள் பஸ்ஸே வரவில்லை. என் உரக்கடைக் கதவைப் பாதி திறந்துவைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முற்பகலில் ஒருவர் வந்தார். கல்வராயன் மலையடிவாரத்து விவசாயி, எனக்குப் பழக்கமானவர். முழங்கால்வரை புழுதி. பூச்சிமருந்து கேட்டார்.

"பஸ்ஸு இல்லியே, எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

"இன்னா பயிருக்குங்க?"

மருந்து அலமாரியைப் பார்த்தபடி நின்றார். அவர் வேர்க்கடலை பிடுங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. வெறும் நிலத்துக்கு மருந்து வாங்க யார் இவ்வளவு தூரம் நடப்பார்கள்? கோடையில் அவர் மனைவி காய்ச்சலில் இறந்ததும் எனக்குத் தெரியும். துக்கம் விசாரிக்கக்கூட நான் போகவில்லை.

கேட்டால் கோபிப்பாரோ, கேட்பதே அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்று பயம். ஆனாலும் கேட்டேன்.

"அண்ணே, செத்துப்போவலாம்னு நெனைக்கிறீங்களா?"

அவர் அப்படியே உர மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாசமா தூக்கமே இல்ல தம்பி. யாருகிட்ட சொல்றது?" என்றார். பிறகு அழுதார்.

கடையைப் பூட்டிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பஸ் இல்லாததால் அங்கே கூட்டமும் இல்லை. டாக்டரம்மா ஒரு மணி நேரம் அவர் சொன்னதையெல்லாம் கேட்டார். "இது சரியாகிடும். கேட்டது நல்லதாப் போச்சு. இப்போதைக்கு இவரைத் தனியா விடாதீங்க" என்று என்னிடம் சொன்னார்.

எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தோம். மூன்றாம் நாள் என் மனைவியிடம் அவராகவே இன்னொரு தோசை கேட்டார். அவள் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ் ஓடத் தொடங்கியதும் அவருடைய அக்கா வந்து, தன்னோடு கூட்டிப்போனார்.

பிறகு தெருவிலிருந்த மற்ற உரக்கடைக்காரர்களிடம் பேசினேன். மருந்து கேட்பவரிடம் என்ன பயிர், என்ன பூச்சி என்று விசாரிப்போம், மருந்தைப் பூட்டி வைப்போம் என்றேன். "யாவாரம் பண்றதா, வெசாரணை பண்றதா?" என்று எரிந்து விழுந்த ஒருவர்தான் முதலில் அலமாரிக்குப் பூட்டு வாங்கினார்.

அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு அந்த விவசாயி தன் அக்காவோடு வந்து விதை வாங்கிப் போனார். இருபது நாளில் திரும்பி வந்து, தெருவே கேட்கச் சத்தம் போட்டார்.

"இன்னா வெத குடுத்த நீ? பாதி மொளைக்கவே இல்ல!"

யாரிடமும் அப்படிச் சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.