நான்கு கார் நிற்கும் இடம்

யார் வீட்டுக்குப் போனாலும் பேராசிரியர் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பார். விரிசல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், சட்டைப்பையிலிருந்து கட்டைப் பென்சிலை எடுத்து, அது முடியும் நுனியில் குறுக்காக ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி எழுதுவார். அடுத்த முறை வரும்போது விரிசல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். சம்பந்தி வீட்டுக் கூடத்திலும் இதைச் செய்து மகளைத் தலைகுனிய வைத்தவர்.

நிலநடுக்கப் பொறியியல் துறையில் முப்பத்திரண்டு வருடம். அதில் பதினொரு வருடம் தலைவர். கட்டட விதிப் புத்தகத்தில் பாதி அவர் கை பட்டது. ஆய்வுக்கூடத்தில் ஓர் இரும்பு மேடை. அதன்மேல் ஆளுயரக் கட்டடம் கட்டி, மேடையைக் குலுக்கி, எது எப்படி விழும் என்று காட்டுவார். மாணவர்கள் வைத்த பெயர் 'நடுக்கம்'. "நடுக்கம் வருதுடா" என்று ஒருவன் சொன்னால் போதும், வராந்தா காலி.

ஓய்வு பெற்ற மறுமாதம், மகள் புதிதாக வாங்கிய மூன்றாம் மாடி வீட்டைப் பார்க்கப் போனவர் மேலே ஏறவேயில்லை. கீழே, கார்களுக்கு நடுவில் நின்றுவிட்டார். மேலே நான்கு மாடிக்கும் சுவர்கள். கீழே வெறும் தூண்கள். தரை ஆடினால் மேலே உள்ளது ஒரே பெட்டியாக நகரும், தூண்கள் முழங்கால் மடிவதுபோல் மடியும். வருடம் தவறாமல் மேடையில் அவர் விழவைத்துக் காட்டிய அதே கட்டடம். கட்டட வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். அதில் இருந்த கையெழுத்து, அவரிடம் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவனுடையது. போன் செய்தார்.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் சார் முதல்ல வரைஞ்சேன். கார் நிறுத்த இடம் குறையுதுன்னு கட்டறவங்க திருப்பி அனுப்பிட்டாங்க. நான் போடலைன்னா வேற ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருப்பான் சார்."

போனை வைத்துவிட்டு மகளிடம் போனார்.

"இதை வித்துட்டு வேற வீடு பாரும்மா."

"வாங்கறவங்க மட்டும் சாகலாமாப்பா?"

கீழே இறங்கி, தூண்களை நாடா பிடித்து அளந்தார்.

வழி ஒன்று இருந்தது. தூண்களுக்கு நடுவே நான்கு இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பினால் கட்டடம் பிழைத்துக்கொள்ளும். நான்கு கார் தெருவில் நிற்க வேண்டும். அதில் ஒன்று மருமகனுடையது. பன்னிரண்டு வீடும் சம்மதிக்க வேண்டும். ஆறு மாதம் படியேறி இறங்கினார். கடைசியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் கூடியது.

"எனக்கு ரெண்டு கார் சார். ஒண்ணைத் தலையில வெச்சுக்கவா?" என்றார் முதல் மாடி மருந்துக்கடைக்காரர். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "நூறு வருஷமா இங்க ஒண்ணும் ஆடலையே?"

"அதுதான் பயமா இருக்கு" என்றார் பேராசிரியர்.

அதற்கும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை, செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் தெரியாமல் இருக்கட்டும் என்று செயலாளர் அச்சடித்த சீட்டு கொடுத்தார். 'சரி', 'வேண்டாம்', ஒன்றில் டிக் போட வேண்டும். எண்ணியதில் பதினொன்று வேண்டாம். ஒன்று சரி. அந்த ஒன்றைக் கேட்டு வாங்கி, மடித்து, பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"போகட்டும்மா. நீயாவது என் பக்கம் நின்னியே."

"மழை வர மாதிரி இருக்கு. கிளம்புங்கப்பா."

பிறகும் மாதம் ஒருமுறை வந்தார். மூலைத் தூணில் ஒரு மயிரிழை விரிசல் மூன்று தேதிகளைத் தாண்டிவிட்டிருந்தது. நான்காவதை அவர் எழுதவில்லை. அதற்குள் மருத்துவமனைக் கட்டிலில், அசையாத தரைக்கு மேல், போய்ச் சேர்ந்தார். சட்டைப்பையில் அந்தச் சீட்டு இருந்தது. கட்டடம் இன்னும் நிற்கிறது. கார்களும் நிற்கின்றன.

துக்கம் கேட்க வந்த மருந்துக்கடைக்காரர் மகளிடம் சொன்னதுதான் பிற்பாடு தெரிய வந்தது.

"எல்லாரும் இருந்தாங்களா, சும்மா கிண்டலுக்குப் பேசிட்டேம்மா. ஆனா சரின்னுதான் டிக் போட்டேன். உங்களோடதும் சேந்து ரெண்டு வரும்னு நெனச்சேன்."