ஏலாக்குறிச்சியில் ஒரு வெங்காய வியாபாரியின் குரல்

ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போய் வந்தேன். இந்த வலைப்பூவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு தகவல்: எனக்குக் கண் தெரியாது. ஆறு வயதில் வந்த காய்ச்சலோடு பார்வை போய்விட்டது. சென்னையில் ஒரு வங்கியில் வேலை. லீவு கிடைத்தால் எங்காவது கிளம்பிவிடுவேன். போய் வந்த பிறகு, என்னைப் போன்றவர்கள் அந்த ஊருக்கு எப்படிப் போகலாம் என்று இங்கே எழுதுவேன்.

என் கண்ணுக்காக அம்மா ஏறி இறங்காத கோயில் இல்லை. வேளாங்கண்ணி, பூண்டி என்று எங்கே போனாலும் மொட்டை, முழங்காலில் நடை, வெள்ளிக் கண் காணிக்கை. அதனாலேயே எனக்கு மாதா கோயில் என்றால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும். ஒரு தடவையாவது நோயாளியாக இல்லாமல், எல்லாரையும் போலச் சும்மா சுற்றிப் பார்க்க ஒரு கோயிலுக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அம்மா கூட்டிப்போகாமல் விட்டது ஏலாக்குறிச்சி ஒன்றுதான். கோயம்புத்தூருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "மறக்காம கேட்டுட்டு வா கண்ணு" என்றார். "நான் எதுவும் கேக்கப் போகலம்மா, சுத்திப் பாக்கப் போறேன்" என்றேன். பிறகு, "சரி, ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் கிளாம்பாக்கத்தில் திருச்சி பஸ் ஏறி ஐந்தரை மணி நேரத்தில் பெரம்பலூர் வந்தேன். ஒரு எச்சரிக்கை: சில பஸ்கள் ஊருக்குள் வராமல் ஹைவேயிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். இருட்டில் அங்கே ரோட்டைக் கடப்பது நம் கதைக்கு ஆகாது. ஏறும்போதே கண்டக்டரிடம் பஸ் ஸ்டாண்டுக்குள் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கினேன். தொள்ளாயிரம் ரூபாய், சுத்தமான பாத்ரூம், கொசு உண்டு.

காலை ஏழரைக்கு என் வழிகாட்டி காரோடு வந்துவிட்டார். ஆரோக்கியமேரி அக்கா. ஐம்பது வயது இருக்கும், ஏலாக்குறிச்சிப் பக்கம் விவசாயக் குடும்பம். வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டுவதை ஏழெட்டு வருடமாகச் செய்கிறார். தோழி ஒருத்தி மூலம் கிடைத்தார். அவருக்கு ஆயிரத்து ஐந்நூறு, டிரைவரோடு காருக்கு மூவாயிரம் என்று பேச்சு. போனில் பேசும்போதே எனக்குக் கண் தெரியாது என்று சொல்லியிருந்தேன். "அதெல்லாம் மாதா பாத்துக்குவாங்க மேடம்" என்று அவர் சொன்னதை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஏலாக்குறிச்சிக்கு இன்னொரு முப்பது சொச்சம். முதல் பாதியில் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டேன். மக்காச்சோள அறுவடை நேரம். ரோட்டின் ஒரு ஓரம் முழுக்கக் காயப்போட்டிருந்தார்கள். கார் ஒதுங்கும்போதெல்லாம் டயருக்கடியில் மணி நொறுங்கும் சத்தம். அரியலூர் நெருங்க நெருங்க நாக்கில் சுண்ணாம்புத் தூள் ஒட்ட ஆரம்பித்தது. சிமென்ட் லாரிகள். டிரைவர் குமார் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"வெளியில என்னக்கா தெரியுது?" என்று கேட்டேன்.

"அழகா இருக்குங்க மேடம்."

"எது?"

"எல்லாமே."

கோயில் வாசலில் கேட்டேன். அதுவும் அழகாக இருந்தது. உள்ளே பீடம்? ரொம்ப அழகு. குளத்தருகே உயரமாக நிற்கும் மாதா சுரூபம்? சொல்ல முடியாத அழகாம். இந்த வார்த்தைக்கா ஆயிரத்து ஐந்நூறு என்று மனசுக்குள் ஓடியதை இங்கே மறைக்கப் போவதில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. "இங்க செத்த வாங்க மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இருந்த ஒரு மரத்தடிக்குப் போனார். அங்கே ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். அக்காவோடு சேர்ந்து ஜெபம் சொல்கிறவர்களாம். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் தலையில், தோளில், முதுகில் கைகள் வந்து விழுந்தன. ஒருவர் என் கண் மேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எண்ணெய் வாசனை. "இந்தப் புள்ளைக்குப் பார்வ குடும்மா" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். வேடிக்கை பார்க்க ஆள் கூடுவது காதில் விழுந்தது. ஒரு குழந்தை, "யாருக்கும்மா கண்ணு தெரியல?" என்று கேட்டது.

ஆறு வயதில் அம்மா கூட்டிப்போன கோயில்களில் எப்படி அசையாமல் நின்றேனோ அப்படியே நின்றேன். முடிந்ததும் எல்லாருக்கும் நன்றி சொன்னேன். அவர்கள் போன பிறகு அக்காவிடம், "யாரு இதை ஏற்பாடு பண்ணச் சொன்னா?" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாம பண்ணி, சந்தோசப்படுத்தலாம்னு..."

"எனக்குச் சந்தோஷம் இல்லக்கா. ஊரைக் கூட்டி வச்சு என் கண்ணைப் பத்திப் பேசுனா எப்படி இருக்கும்னு நினைச்சீங்க?"

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குளத்துப் படிக்கட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள் என்றேன். "டீ வாங்கியாறேன்" என்று போய்விட்டார்.

படி சூடேற ஆரம்பித்திருந்தது. கொள்ளிடம் பக்கத்தில்தான் என்பதால் காற்றில் ஒரு ஈர மணல் வாசனை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். சின்ன வெங்காய வாசனை தூக்கலாக அடித்தது.

"அக்கா, நீங்க வேதக்காரங்கதானே?" பெண் குரல். என்னைவிடச் சின்னவளாக இருக்க வேண்டும்.

"ஆமா."

"எனக்காக மாதாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா? நாங்க மாரியாத்தா கும்புடறவங்க. இங்க எப்புடிக் கேக்கணும்னு தெரியல."

அன்று காலையிலிருந்து என் வாயில் முட்டிக்கொண்டிருந்ததுதான் முதலில் வந்தது. "எனக்குக் கண்ணு தெரியாதுங்க."

"அது தெரியுது. வாயி இருக்குல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

அவள் பெயர் பூங்கொடி. பாடாலூர்ப் பக்கம் ஊர். அவள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் ஊர் ஊராகப் போய்ச் சின்ன வெங்காயம் விற்பவர். கழுத்தில் ஒரு கட்டி வந்து, தீபாவளி கழித்துத் திருச்சியில் ஆபரேஷன். கட்டி நல்ல கட்டிதான், பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மயக்கம் தெளிந்து எழுந்தவருக்குக் குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வருகிறது. நரம்பு வீங்கியிருக்கலாம், திரும்ப வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார்களாம் டாக்டர்கள்.

"இப்ப வண்டிய நாந்தான் ஓட்டறேன். அவரு கூவுனத முன்னாடியே பேசிப் பதிஞ்சு வச்சிருந்தோம். அதத்தான் மைக்குல போடறது. அவரு வூட்ல பேச்சில்லாம உக்காந்துருக்காரு. தெருத்தெருவா அவரு குரலு வெங்காயம் விக்குது. அதக் கேட்டுக்கிட்டே வண்டி ஓட்ட முடியலக்கா."

போனில் அதைப் போட்டுக் காட்டினாள். நல்ல கட்டையான, குறும்பான குரல். "பாடாலூரு சின்ன வெங்காயம்! உரிச்சாத்தான் கண்ணு கலங்கும், வெலையக் கேட்டா கலங்காது! வாங்கம்மா வாங்க!" கடைசி 'வாங்க'வில் ஒரு இழுப்பு. எனக்கு மனிதர்கள் என்றால் குரல்தான். முகம், நிறம், உயரம் எதுவும் கிடையாது. அந்த மூன்று வரியிலேயே அந்த ஆள் எனக்கு அறிமுகமாகிவிட்டார். அந்தக் குரல் போய்விட்டது என்றால் என்ன போயிருக்கிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அவர் பேரு?"

"முருகேசன்." பிறகு தணிந்த குரலில், "மாதா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க. எவ்வளவு குரல் வேணும்னு கேக்கட்டும்?"

அவள் யோசித்தாள். "பாட்டெல்லாம் பாட வேணாம். வெங்காயம்னு கூவுனா ரெண்டு தெரு தாண்டிக் கேக்கணும். அது போதும்."

என் வாழ்நாளில் எனக்காக வேண்டிக்கொண்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பஸ்ஸில், ரயிலில், பேங்க் கவுன்ட்டரில் கூட. எனக்காக வேண்டிக்கொள் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. முதலில் வார்த்தையே வரவில்லை. மனப்பாட ஜெபம் ஒன்றைச் சொன்னேன். பிறகு சொந்தமாக, "மாதாவே, இது பூங்கொடி. பாடாலூர்ப் பக்கமிருந்து வந்திருக்காங்க. இவங்க வீட்டுக்காரர் முருகேசனுக்குக் குரல் வேணும். ரெண்டு தெரு தாண்டிக் கேக்குற அளவுக்கு" என்றேன். பூங்கொடி என் கையைப் பிடித்திருந்தாள். காய்த்துப்போன கை. எங்களுக்குப் பின்னாலிருந்து "ஆமென்" என்று ஒரு குரல். ஆரோக்கியமேரி அக்கா டீயோடு எப்போது வந்து நின்றார் என்று தெரியாது.

ஆரோக்கியமேரி அக்காவின் நம்பரைப் பூங்கொடி வாங்கிக்கொண்டாள். வண்டியிலிருந்து ஒரு பை வெங்காயத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, திருமானூர்ப் பக்கம் விற்கப் போக வேண்டும் என்று கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் ரோட்டுப் பக்கமிருந்து முருகேசனின் குரல் கேட்டுத் தேய்ந்து போனது.

டீ ஆறியிருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "நா கேட்டாத் தப்பு, நீங்க கேட்டாச் சரியாம்மா?" குரலில் கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சுக்கா. நான் உங்களைக் கேக்கலையே."

"ஆமா. நா ஒங்கள ஒரு வார்த்த கேக்கல" என்றார். அப்புறம், "சரி, இப்பக் கேக்கறேன். ஒங்களுக்கு என்ன பாத்துச் சொல்லணும்?"

"பெருசா ஒண்ணும் வேணாம். இப்ப உங்க கண்ணு எதுல நிக்குதோ அதைச் சொல்லுங்க."

"அந்தப் படியில ஒரு ஆளு புள்ளைக்கு மொட்டை போட்டுட்டு, காத்து பட்டாக் குளிருமேன்னு கைய வச்சு மூடிக்கிட்டு இருக்காரு. கை பெருசு. தல முழுக்க மூடிருச்சு."

அதற்குப் பிறகு அழகு என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. கோயிலுக்குள் மறுபடி போனோம். மாதாவின் சேலைக்கு நீலத்தில் பூ, ஓரத்துச் சரிகையில் ஒரு இடத்தில் நூல் பிரிந்திருக்கிறது என்றார். அரியலூரை ஆண்ட ஒருவர் ராஜபிளவைக் கட்டி குணமானதற்காகக் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்த கதையைச் சொன்னார். அதைப் பொறித்த கல்லை, அங்கிருந்தவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்தேன். 'ம' போல ஒன்று தட்டுப்பட்டது. மற்றதெல்லாம் தேய்ந்த மேடுபள்ளம். மதியம் திருமானூரில் மூவருமாகச் சாப்பிட்டோம். மீன் குழம்புச் சாப்பாடு, ஆளுக்கு நூற்றிருபது. ஐந்து மணிக்குப் பெரம்பலூர். அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பொண்ணு வீட்டுக்காரன் பேரென்ன?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இப்போது தினமும் அவருக்காகவும் ஜெபம் சொல்கிறாராம்.

போன வாரம் ஆரோக்கியமேரி அக்கா கூப்பிட்டார். "ஒரு நிமிசம் இருங்க, லைன்ல ஒருத்தர் இருக்காங்க" என்றார். கரகரவென்று, பாதி காற்றும் பாதி குரலுமாக ஒரு ஆண் பேசினார். "வணக்கங்க. முருகேசன் பேசறேன். இப்ப ஒரு தெருவுக்குக் கேக்குது. இன்னொரு தெரு பாக்கி இருக்குங்க." பின்னால் பூங்கொடியின் சிரிப்பு. டாக்டர் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்கிறாராம். நரம்பு தானாகத் தேறியதா, மாதா தேற்றினாரா என்று நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது. போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் மனசு நிறைந்திருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு: அரியலூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பஸ் உண்டு, ஆனால் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். தனியாகப் போவதென்றால் காரும் வழிகாட்டியும் செலவுக்குத் தகும். கூட்டம் வேண்டாம் என்றால் சனி, ஞாயிறைத் தவிருங்கள். குளத்துப் படிகளில் நான் உட்கார்ந்த பக்கம் பிடிக்கக் கம்பி எதுவும் கைக்கு அகப்படவில்லை. கோல் கட்டாயம் வேண்டும், கடைசிப் படிகளில் பாசி வழுக்கும். வெயில் ஏறினால் தரை கொதிக்கும், காலுறை எடுத்துப் போங்கள். உங்கள் உடம்புக்காக யாரும் ஜெபம் சொல்வது பிடிக்காதென்றால், வழிகாட்டியிடம் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். பிடிக்குமென்றால் அதையும் சொல்லுங்கள். ஆரோக்கியமேரி அக்கா இப்போது வருகிறவர்களிடமெல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறாராம்.

படியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் யாராவது வந்து, எனக்காக ஒன்று கேளுங்கள் என்றால், என்னைப் போலத் தயங்கிக்கொண்டிருக்காதீர்கள். பெயரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுங்கள். வார்த்தை வந்துவிடும்.