காணாமல் போன ஒன்றரை பல்பு

முட்டைப் பெட்டியின் முகப்பில் சிவப்பு எண்கள் முப்பத்தேழரை டிகிரியிலிருந்து முப்பத்தாறுக்கு இறங்கிக்கொண்டிருந்ததை மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்த ஐப்பசி மழை மாலையை நினைத்தால் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சென்னையில் வேலை போய், சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் வழியில் இருக்கும் சொந்த ஊருக்கே திரும்பி வந்திருந்தான். தெர்மாகோல் பெட்டி, நான்கு அறுபது வாட் குண்டு பல்பு, சூடு மிஞ்சினால் அவற்றை அணைக்கும் சின்னக் கருவி ஒன்று, இவ்வளவையும் சேர்த்து நாட்டுக்கோழி முட்டை பொரிக்கும் பெட்டியை அவனே கட்டியிருந்தான். முட்டைகள் தெருப் பெண்கள் நம்பிக் கொடுத்தவை. குஞ்சில் பாதி அவர்களுக்கு, பாதி அவனுக்கு. முட்டை கூழாகிப் போனால் அந்தத் தெருவில் அவன் தலை காட்ட முடியாது. மறுபடியும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

நான் டிப்ளமோவில் எலக்ட்ரிக்கல் படித்தவன். அந்தப் படிப்புக்குப் பொருத்தமாகக் கடலூரில் செருப்புக்கடை வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். நான் நேரில் போய், நிதானமாக அண்ணாந்து பார்த்து, பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவேன்.

“மாமா, பகல்ல நல்லாத்தான் இருக்குது. சாயந்தரமானா சூடு எறங்குது. எல்லாம் தெருப் பொம்பளைங்களால வந்தது. வேலய முடிச்சிட்டு வந்து, என் முட்டை எப்பிடி இருக்குது, உன் முட்டை எப்பிடி இருக்குதுன்னு மூடியத் தொறந்து தொறந்து பாக்கறாங்க” என்று மச்சான் போனில் புலம்பினான். அவன் அம்மாவோ கண்ணு பட்டுவிட்டது என்று முடிவு கட்டி, பெட்டிக்கு மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இருவர் கருத்தும் ஒன்றாகச் சேர்ந்து, பெண்கள் யாரும் முட்டையைப் பார்க்க வரக் கூடாது என்று தடை போட்டாயிற்று. எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் ரொம்பக் கோபம். “அப்ப நீயே ஏறி அடை காத்துக்கடா தம்பி” என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகும் சூடு இறங்கியது.

குஞ்சு பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அந்த மழை மாலையில் மச்சான் வீட்டுக்குப் போனேன். அதன் வாய்க்குள் ஒரு ஒயரை மட்டும் விட வேண்டும். நான் இரண்டையும் சேர்த்து விட்டேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது. கரண்டே இல்லாமல் நான்கு பல்பும் எரியும் அதிசயத்தை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, ரெண்டையும் ஜோடியா வச்சி அளக்கறதுக்கு இது செருப்பு இல்ல.”

ஒற்றை ஒயரில் மாட்டியதும் 0.88 ஆம்பியர் என்றது. பிளக்கில் வோல்ட் பார்த்தேன். நூற்றெழுபது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. கிட்டத்தட்ட நூற்றுத் தொண்ணூற்று மூன்று ஓம். ஒயரிலோ ஹோல்டரிலோ கோளாறு இருந்தால் தடை எகிறியிருக்கும். எகிறவில்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன். நூற்றைம்பது வாட் வந்தது. பெட்டியில் இருப்பதோ நான்கு அறுபது, இருநூற்று நாற்பது. மீதித் தொண்ணூறு எங்கே?

“மச்சான், ஒன்றரை பல்பு திருட்டுப் போயிருக்குடா.”

“நாலும் கண்ணு முன்னாடி எரியுதே மாமா.”

எரிந்தன, ஆனால் சோகை பிடித்தவை போல. பல்பின் மேல் அறுபது என்று அச்சடித்திருப்பது இருநூற்று முப்பது வோல்ட்டுக்கு. வோல்ட் இறங்கினால் ஆம்பியரும் கூடவே இறங்கும். இரண்டையும் பெருக்கும்போது அடி இரட்டிப்பாக விழும். மாலையானதும் தெருவில் கிரைண்டர், தண்ணி மோட்டார், ஹீட்டர் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். கடைசிக் கம்பத்து வீடான மச்சானுக்கு வந்து சேருவது மிச்சம்மீதிதான். பெண்கள் பார்க்க வரும் நேரமும் அதுவே என்பதால் பழி அவர்கள் மேல் விழுந்துவிட்டது.

கூடுதலாக இரண்டு பல்பு போட்டால் போதும். ஆனால் கடைகளில் எங்கு கேட்டாலும் எல்இடி. அது வெளிச்சம் தரும், முட்டைக்கு வேண்டிய சூட்டைத் தராது. சிவப்பு எண் முப்பத்தைந்தைத் தொட்டது. மச்சான் குடையைக்கூட எடுக்காமல் எதிர்வீட்டுக்கு ஓடினான். பின்னாலேயே நானும்.

“அக்கா, தப்பா சொல்லிட்டேன். ஒங்க மேல ஒண்ணும் இல்ல. இந்த கிரைண்டர கொஞ்சம் நிறுத்தணும். ஊர் படுத்துட்டா வோல்ட்டு தானா ஏறிடும், அது வரைக்கும்.”

“கண்ணு பட்டது போயி, இப்ப கிரைண்டர் பட்டுதா?” என்றார் அக்கா. ஆனால் பேசிக்கொண்டே சுவிட்சை அணைத்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போனதும் அவர்தான். “அங்க குஞ்சு குளுர்ல கெடக்குது, ஒனக்கு சுடுதண்ணி கேக்குதா?” என்ற குரல் மழையைத் தாண்டிக் கேட்டது. நான் மீட்டரின் முன் குந்தி, ஏலம் விடுகிறவன்போல எண்களைக் கூவினேன். நூற்றெழுபத்தெட்டு. நூற்றுத் தொண்ணூறு. இருநூற்றைந்து. பெருக்கிப் பார்த்தேன், ஏறத்தாழ இருநூறு வாட். சிவப்பு எண் சற்று நேரம் தயங்கி நின்றுவிட்டு, மேலே ஏறத் தொடங்கியது.

இன்று மச்சானுக்குத் தகர ஷெட் இருக்கிறது, ஸ்டெபிலைசர் இருக்கிறது, அண்ணாகிராமத்திலிருந்தெல்லாம் குஞ்சு கேட்டு ஆள் வருகிறது. அந்தத் தெருவில் மழை எப்படி என்று விசாரிப்பதுபோல, “இன்னிக்கு வோல்ட்டு எவ்ளோ தம்பி?” என்று கேட்கிறார்கள். என்னை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அது நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மழை மாலைக்கு மறுநாள் காலை முட்டைகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. எல்லாம் பொரிக்கவில்லை, முக்கால்வாசி பொரித்தன. இறகு காய்ந்த முதல் குஞ்சை எடுத்து மச்சான் எதிர்வீட்டு அக்காவின் உள்ளங்கையில்தான் வைத்தான். அவர் இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

“எவ்ளோ சூடா இருக்குது பாரு.”