தில்லி வண்டியாகிப்போன மல்லசமுத்திரம்

லாரி ஆபீசில் ஒன்பது வருடம் ஆர்சி, பர்மிட் வேலை பார்த்த ரஞ்சனி, இப்போது மல்லசமுத்திரத்தில் அறுநூறு வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கிறார். முதல் கேபிளை அவர் இழுத்தது காலனிக்கு. பெரிய கம்பெனிக்காரர்கள் ஊர்த்தெருவோடு திரும்பிப்போன இடம் அது. கம்பிகூட இங்கே சாதி பார்த்துத்தான் நிற்கிறது!

சென்ற ஆவணியில் அந்தக் காலனியே கைவிட்டுப் போகப் பார்த்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் காலனிப் பெண் யுவஸ்ரீ, ரஞ்சனியின் கடைக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, ஒரு மாசமா பாட வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது. சனிக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா எங்க நாப்பது ஊடும் நிறுத்திக்கறோமுங்க."

அவள் போனதும், தொழிலுக்கு முதல் போட்ட அண்ணன் பூபதி காரணம் கண்டுபிடித்தார். இணையத்தில் ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஓர் எண் உண்டு. ரஞ்சனியுடையதன் இலக்கங்களைக் கூட்டினால் எட்டு வந்தது.

"எட்டு ஆகாது அம்மிணி. என்ற லாரிக்கு ஒம்பது வர்ற நம்பராத் தேடி வாங்கினேன்."

"அந்த ஒம்பதுதானுங்ணா ஓமலூர்ல சாஞ்சு கெடந்துச்சு? நம்பர்ல கூட்டலைப் பாக்காதீங்க, எந்த ஊர் வண்டின்னு..."

சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

வீடியோ கம்பெனிகளும் அதைத்தானே பார்க்கின்றன? கேட்பவரின் வலையமைப்பு எண்ணையும் முகவரிகளையும் வைத்து ஊரை ஊகித்து, பக்கத்துக் கிடங்கிலிருந்து படத்தை அனுப்புகின்றன. அதற்கு முந்தைய மாதம்தான் ரஞ்சனி, தில்லியில் மூடிய ஒரு கம்பெனியின் இணைய முகவரிகளை வாங்கியிருந்தார். பதிவில் பெயரை மாற்றினார். ஊரை மாற்றவில்லை. சென்னைக் கிடங்கில் சரக்கு இருக்க, மல்லசமுத்திரத்துக்குத் தில்லியிலிருந்து லோடு வந்துகொண்டிருந்தது. ஊரார் வண்டிக்கெல்லாம் முகவரி மாற்றிக் கொடுத்தவர், தன் வண்டிக்கு மறந்திருந்தார்.

அன்றே ஊர்ப்பெயரைத் திருத்தி, வீடியோ கம்பெனிகளுக்கு முகவரிப் பட்டியல் அனுப்பினார். "வரிசையில் இருக்கிறது" என்று பதில் வந்தது. தேர்வெழுதும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த இவர்கள் யார்? ரஞ்சனி வெள்ளிக்குள் நான்கு கடிதம் எழுதினார், இரண்டுமுறை போனில் சண்டை போட்டார்.

சனிக்கிழமை காலையில் யுவஸ்ரீ கூப்பிட்டாள். "அக்கா, ரெண்டு மடங்கு வேகத்துல வெச்சாலும் நிக்காம ஓடுது. வாத்தியார்தான் மூஞ்சூறாட்டம் கீச்சுங்கறார். எங்க தெருவுல ஒருத்தரும் நிறுத்தலீங்க!"

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த பூபதி தாடையைச் சொறிந்தார். "அப்ப எட்டு நல்ல நம்பர்தானாட்டம் இருக்குது. அடுத்த லாரிக்கு அதையே வாங்கிப்போடலாமா, அம்மிணி?"

"மொதல்ல ஓமலூர்ல சாச்சுவிட்ட அந்த வழுக்க டயரை மாத்துங்ணா."