டெபோரா என்று இந்த ஊரில் யாரும் இல்லை

கூமஷீன் என்ற ஐரிஷ் மலைக்கிராமத்தில் யார் பிறந்தாலும் முதலில் கொப்னெட்டின் கையில்தான் விழ வேண்டும். யார் செத்தாலும் கடைசிக் குளியல் அவள் கையால்தான். ஆகவே ஊரில் எத்தனை தலை என்று கேட்டால் அவள் விரல் மடக்கி எண்ண மாட்டாள். "நூத்திப் பதிமூணு. ஹனோராவுக்கு இந்த வாரம் பிரசவம் ஆயிடும், அப்ப நூத்திப் பதினாலு" என்று பட்டென்று சொல்வாள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கார் ஆள் அனுப்பித் தலை எண்ணுவது அவளுக்கு வேடிக்கை. என்னை ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது, இதற்கெதற்கு இத்தனை காகிதம் என்பாள்.

பழைய கணக்கும் அவளிடம் இருந்தது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போன கெட்ட காலத்துக்கு முன்னால் ஊரில் அறுநூறு பேர். குழிக்குப் போனவர்கள் பாதி, கப்பலேறிப் போனவர்கள் பாதி என்று ஆகி, மிச்சம் நின்றது இருபத்திரண்டு வீடு. மலைச்சரிவில் கூரையில்லாத சுவர்கள் இன்னும் நிற்கின்றன. உள்ளே ஆடு படுக்கிறது. எந்தச் சுவர் யாருடையது என்று கொப்னெட்டுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். கெட்ட காலத்தைப் பற்றி அந்த ஊரில் எவரும் பேசுவதில்லை.

பிற்பாடு கப்பலேறியவர்களில் அவள் தம்பி டியர்மிட்டும் ஒருவன். இருபது வயதில், கோயிலில் வாங்கிய ஞானஸ்நானச் சீட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். இருவருக்கும் எழுத்து வராது. பாஸ்டனில் யாரையோ பிடித்து எழுதச் சொல்லி, அப்பா பெயருக்கு மூன்று வருஷம் கடிதம் போட்டான். அப்புறம் நின்றது. நின்று இருபத்துநாலு வருஷம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். கொப்னெட் கல்யாணம் கட்டவில்லை. டியர்மிட்டை அவள் நூற்றுப் பதிமூன்றில் சேர்க்கவும் இல்லை, செத்தவர்கள் பக்கம் தள்ளவும் இல்லை. அவனை எங்கே வைப்பது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. ஊர் முழுவதையும் உள்ளங்கையில் வைத்திருந்தவளுக்கு அந்த ஒரு தலைதான் குடைச்சல்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். வாயில் புழங்க ஐரிஷ் பெயர் ஒன்று, காகிதத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று. கூமஷீனில் டியர்மிட் என்றால் காகிதத்தில் டார்பி. கொப்னெட் என்றால் அபி. ஏன் அப்படி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. குடும்பப் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்றால், இருபத்திரண்டு வீட்டில் பதினைந்து வீடு சலிவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ஏப்ரல் மாதம். தலை எண்ணக் கான்ஸ்டபிள் நெஸ்பிட் வந்தார். வடக்கத்தி ஆள், ஒரு வார்த்தை ஐரிஷ் தெரியாது. போன வருஷம்தான் ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த பள்ளிக்கூட மாஸ்டர் குவில் மொழிபெயர்க்கக் கூட வந்தார். கொப்னெட் வீட்டில் அவள் வயதைக் கேட்டதும் வேலை முட்டிக்கொண்டு நின்றது.

"பெரிய பனி விழுந்த வருஷம் நான் நடக்கப் பழகிட்டிருந்தேன்" என்றாள் அவள்.

"எந்தப் பெரிய பனி? வீட்டுக்கு வீடு ஒரு பெரிய பனி சொல்றீங்களே" என்றார் கான்ஸ்டபிள்.

"போன தடவை வந்தவர் என் மூஞ்சியப் பார்த்து முப்பத்தஞ்சுன்னு எழுதிட்டுப் போனாரு."

"அப்ப இப்ப நாப்பத்தஞ்சு. தீர்ந்தது."

"அதெப்படி? தபால்கார கார்மக்குக்கு நாப்பத்தேழு. சின்ன வயசுல நான் அவனை அடிச்சு அழ வெச்சிருக்கேன், அவன் என்னை அடிச்சதே இல்ல. அப்ப நான்தானே மூத்தவ?"

கான்ஸ்டபிள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சனிக்கிழமை பங்குக் கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து வருவதாக மாஸ்டர் சொன்ன பிறகுதான் கிளம்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் வந்தபோது கொப்னெட் கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் சரியாக இல்லை.

"ஒரே குழப்பமா இருக்கு கொப்னெட். இந்த வீட்டுல நீங்க பிறக்கவே இல்ல."

"என்னது?"

"ஐம்பத்தஞ்சுலேர்ந்து எழுபது வரைக்கும் வரி வரியாப் பார்த்துட்டேன். உங்க அப்பா பேருக்கும் அம்மா பேருக்கும் கீழ அபியும் இல்ல, கொப்னெட்டும் இல்ல. டார்பியும் கிடையாது."

"அப்ப இங்க நின்னு கோழி அடைக்கிறது யாராம்?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஆனா வேற ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அறுபத்திரண்டுல டெபோரான்னு ஒரு பொண்ணு. அறுபத்துநாலுல ஜெரமையான்னு ஒரு பையன்."

கொப்னெட் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா இரண்டு பிள்ளைகளைப் பெற்று, புதைத்து, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளா? எந்த மூலையில் புதைத்தாள்? தான் மட்டும் எங்கிருந்து வந்தாள்? சரிவில் உள்ள ஏதோ ஒரு வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்களோ? ஊரில் ஒரு குழந்தை தன் கணக்கில் தவறினால்கூட அவளுக்குத் தூக்கம் வராது. இங்கே தன் வீட்டிலேயே இரண்டு கூடுகிறது, இரண்டு குறைகிறது.

"அந்த ரெண்டு பேரையும் எழுதினது ஒரே கையெழுத்து" என்று மாஸ்டர் தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "ஏதோ ஃபாதர் ஹென்னஸி. எங்கேர்ந்து வந்தவரோ." திடீரென்று நிறுத்தினார். "கொப்னெட், கிழக்க எங்க ஊர்ப் பக்கம் கொப்னெட்டுக்கு ஆங்கிலத்துல அபின்னு எழுத மாட்டாங்க. டெபோரான்னுதான் எழுதுவாங்க. டியர்மிட்டுன்னா ஜெரமையா. அந்தச் சாமியார் எங்க பக்கத்து ஆளா இருக்கணும்! ரெண்டு பேரும் நீங்கதான். உங்களுக்கு நாப்பத்தொம்பது வயசு. கான்ஸ்டபிள்கிட்ட சொல்லிடலாம்."

பெரிய முடிச்சை அவிழ்த்த சந்தோஷம் அவருக்கு.

"ஜெரமையா" என்றாள் மெதுவாக. "மாஸ்டர், அவன் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டுப் போன சீட்டுல என்ன பேரு இருந்திருக்கும்?"

"பதிவேட்டுல உள்ளதுதான் இருக்கும். அங்க இறங்கினதும் அதைத்தான் காட்டியிருப்பான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி மாதம், கார்மக் ஒரு தபால் அட்டையோடு கிணற்றடிக்கு வந்தான். அட்டைதானே, மூடியா இருக்கிறது? எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்து ஐரிஷில் சொன்னான். பாஸ்டனில் ஒரு கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரி. ஜெரமையா சலிவன் என்பவர் நோய் முற்றிக் கிடக்கிறார். கூமஷீனிலுள்ள அக்கா டெபோராவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்படி ஒருவர் இருந்தால் உடனே பதில் எழுதவும்.

"யாருடி அது டெபோரா? உன் கணக்குல வரலையே?" என்று கார்மக் சீண்டினான்.

கொப்னெட்டுக்குச் சுருக்கென்றது. "இந்த ஊர்ல டெபோரான்னு ஒருத்தி பிறந்ததும் இல்ல, செத்ததும் இல்ல. என் கைக்குத் தெரியாம இங்க ஒரு கோழிக்குஞ்சு வருமா? ஊர் பேரை மாத்தி எழுதியிருப்பாங்க. திருப்பி அனுப்பு, பாவம், உரியவங்களுக்காவது போய்ச் சேரட்டும்."

கொப்னெட் சொன்னால் அது சொன்னதுதான். அப்படி யாரும் இல்லை என்று எழுதி அட்டை திரும்பிப் போனது. அன்றைக்கே ஜெபமாலையின் முடிவில் அவள் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் கூட்டிச் சொன்னாள். "யாரோ பெத்த பிள்ளை, அந்த ஜெரமையாவுக்காக." அது பழக்கமாகிவிட்டது. இரண்டு வருஷமாக ஒரு நாள் விடவில்லை.

அட்டையைப் பற்றி அவள் சொன்னதும், "கொப்னெட்டுன்னு அவன் சொன்னதை அங்க எங்க பக்கத்து ஆள் யாரோ டெபோரான்னு மாத்திச் சொல்லியிருக்கணும்" என்ற மாஸ்டர் அன்றைக்கே உட்கார்ந்து கடிதம் எழுதினார். ஆஸ்பத்திரியின் பெயர் கார்மக்குக்கு நினைவில்லை. பாஸ்டன், கன்னியர் ஆஸ்பத்திரி என்றே எழுதினார்கள். கீழே என்ன பெயர் போடுவது என்று கேட்டார்.

"கொப்னெட்னு எழுதினா அங்க யாருக்குத் தெரியும்? டெபோரான்னே போடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக்குறி போட்டாள். வேறு யாருடைய காகிதத்திலோ திருட்டுத்தனமாகக் கை வைப்பதுபோல அவள் கை கூசியது.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவள் நிலைகொள்ளவில்லை. ஹனோராவின் குழந்தை பிறந்தது. எத்தனையாவது தலை என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டாள். இருக்கிறான் என்று காலையில் தோன்றும். இல்லை என்று மத்தியானம் தோன்றும். இருந்தால் எந்தப் பெயரால் கூப்பிடுவது என்று ஒரு கவலை, அவனும் தன்னை டெபோரா என்பானோ என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

ஜூன் கடைசியில் கார்மக் வந்தான். வாசற்படலுக்கு வெளியிலேயே நின்றான். இந்தமுறை உறை. அவன் படிக்கவில்லை, சீண்டவும் இல்லை.

"டெபோரா சலிவன்னு போட்டிருக்கு" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான்தான், குடு" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாஸ்டர் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் படித்தார். ஜெரமையா சலிவன், எங்கள் அட்டை திரும்பி வந்த பிறகு ஒன்பது வாரம் உயிரோடு இருந்தார். அமைதியாக இறந்தார். உறவினர் எவரும் இல்லை என்று பதிவாகியிருந்ததால் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்தோம். இப்போது உங்கள் கடிதம் கண்டு வருந்துகிறோம்.

"அந்த நடுவுல உள்ள வரியை இன்னொரு தடவை படிங்க."

"உறவினர் எவரும் இல்லை..."

"அது அவங்க எழுதினது இல்ல மாஸ்டர். நான் சொன்னது. கிணத்தடியில நின்னு, அத்தனை பேருக்கு முன்னால, நான்தான் சொன்னேன்."

மாஸ்டர் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அவள் காதில் விழவில்லை. வேறொன்று அவளைக் குடைந்தது.

"ரெண்டு வருஷமா தினம் சொன்னேனே, அந்த ஜெபம். யாரோன்னு நெனச்சுத்தானே சொன்னேன். அது அவனுக்குப் போயிருக்குமா? இல்ல, அதுவும் அப்படி யாரும் இல்லன்னு திரும்பி வந்திருக்குமா?"

படித்த மனிதர், எதற்கும் பதில் வைத்திருப்பவர். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார். பொய் சொல்லாததற்காக அவரை அவள் பிற்பாடு நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஜெபமாலைக்கு அண்டைவீட்டார் எல்லாரும் அவள் வீட்டில் முழங்காலிட்டார்கள். கார்மக்கும் வந்திருந்தான். ஐம்பத்து மூன்று மணியும் பிசகாமல் உருண்டன. முடிவில் அவள் வழக்கம்போல, "யாரோ பெத்த..." என்று தொடங்கி நின்றாள். "என் தம்பி ஜெரமையாவுக்காக" என்றாள். அந்தப் பெயர் வாயில் ஒட்டவில்லை. வேறு வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல இருந்தது. யாரும் தலை நிமிரவில்லை.

பிறகு, "டியர்மிட்டுக்காக" என்றாள். "டேய், கொப்னெட்டு நான். நான்தான்டா டெபோரா."