பலகையில் பெயர் போடுகிறவள்

நேற்றைய எழுத்தை உள்ளங்கையாலேயே அழித்துவிட்டு, கையைச் சுடிதாரில் துடைத்துக்கொள்கிறாள் ஜெயசுதா. ஒரு துணி வைத்துக்கொள்ளடி என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்துவிட்டது. இடது கையில் போன், வலது கையில் சாக்பீஸ். அலை ஒன்றரை மீட்டர், காற்று தெற்கிலிருந்து, தொழிலுக்குப் போகலாம். அடியில், எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தன் பெயர். "எழுதுனா பேரு போடணும். இல்லன்னா அது மொட்டக் கடுதாசி" என்பாள்.

நல்லவாடு ஊரைத் தாண்டி ஒரு சின்ன மீனவக் குப்பம் அவளுடையது. பாகூர் ஜெராக்ஸ் கடை வேலைக்கு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்குமுன், விடியலிலேயே இதை முடித்துவிடுவாள். யாரும் கேட்டு அவள் செய்யவில்லை. படகுக்காரர்கள் பலகையைப் பார்க்காத மாதிரி போவார்கள், ஓரக்கண்ணால் படித்தும்விடுவார்கள். அவளும் விடமாட்டாள். தாத்தா வயதுக்காரரானாலும் அவளுக்கு அண்ணன்தான்: "போர்டு பாத்துட்டுப் போண்ணா."

போன வருஷம் காற்றே இல்லாத ஒரு நாளில் கடல் திடுமென்று கரையேறியது. எச்சரிக்கை முந்தின நாளே போனில் வந்திருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. படகை இழுக்கப் போன மாமன் முத்துக்குமரனின் கால் அதன் அடியில் நசுங்கியது. அந்த வாரமே, பள்ளிக்கூடத்தில் ஓரங்கட்டிக் கிடந்த கரும்பலகையைக் கேட்டு வாங்கி வந்து மீன் இறக்கும் இடத்தில் சாத்தினாள். இப்போது ப்ளஸ் டூ படிக்கும் மூன்று பெண்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். தனக்குக் காய்ச்சல் வந்தால் பலகைக்கு லீவு விடக்கூடாதாம்.

சென்ற மாதம் அவளே சறுக்கினாள். சென்னைப் பக்கத்துக்கு வந்த எச்சரிக்கையை அவசரத்தில் தங்கள் கரைக்கென்று படித்து, போக வேண்டாம் என்று எழுதிவிட்டாள். ஊரே படகைக் கட்டிப் போட்டது. கடலோ எண்ணெய் விட்ட மாதிரி கிடந்தது. பக்கத்துக் குப்பத்தார் வலை கொள்ளாமல் கானாங்கெளுத்தி அள்ளி வந்தார்கள். மறுநாள் காலை, நேற்று எழுதியது தப்பு, நான்தான் சரியாகப் படிக்கவில்லை என்று எழுதி, கீழே வழக்கம்போல் பெயரும் போட்டாள். அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

பஞ்சாயத்து அதோடு விடவில்லை. பலகையை எடுக்க வேண்டும், சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அங்கே கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. சபை ஜமக்காளத்தில் உட்காருவதும் பேசுவதும் அவர்கள் மட்டும்தான். அதனால் வேடிக்கையைப் பாருங்கள், பெண் செய்த தப்புக்கு அப்பன் விழ வேண்டும். முப்பது வருஷம் கடலுக்கு அஞ்சாத அப்பா அரங்கநாதன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி முன்னால் வந்தார்.

தூணோரம் அந்த மூன்று பெண்களோடு நின்றிருந்த ஜெயசுதா குறுக்கே போய் அவர் கையைப் பிடித்தாள்.

"தப்பு பண்ணது நானு. எங்கப்பா இன்னாத்துக்கு வுழணும்?"

பெண்பிள்ளை சபையில் பேசுகிற வழக்கமில்லை என்றார் தலைவர் சுப்புராயன், கோபமில்லாமல்தான்.

"நான் எழுதுனதப் படிச்சித்தான ஊரே ஒரு நாளு வூட்ல இருந்தீங்க? அப்ப கேட்டீங்க இல்ல, இப்பவும் கேளுங்க. வுழ மாட்டேன், பதில் சொல்றேன். போர்டு அங்கியேதான் இருக்கும்."

யாரோ சிரித்தார்கள், கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். அரங்கநாதன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். சுப்புராயன் அவளை வெளியே போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

ஜெயசுதா செருப்பைக் கழற்றிவிட்டு, ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, தூணோரம் நின்ற மூன்று பெண்களுக்கும் இடம் விட்டாள்.